பிந்திக் கிடைத்த இல்லறத்துக்கு ஒரு நன்றியுரை

(தோட்டச் சமூக மண்டபத்தில் நடைபெற்ற மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)

அன்பான தாய்மார்களே, சகோதரிகளே, உள்ளே வரக் கூச்சப்பட்டுக் கதவடியில் நிற்கும் அண்ணன்மாரே!

வழமையாக இந்த மண்டபத்தில் நாங்கள் பேச எழும்பினால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பிள்ளைகளுக்கு ஊசி போடத் தவறாதீர்கள், மலசலகூடத்தைச் சுத்தமாக வையுங்கள். "மிஸ் எழும்பிட்டாங்க, இனி கக்கூஸ் கதைதான்" என்று ஒரு முறை பின்வரிசையில் ஒருவர் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. இன்றைக்கு அந்தக் கதை இல்லை. "நன்றி சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுங்க" என்று மாதர் சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தோம். எங்கள் கல்யாணத்தைத் தவிர வேறெதுவும் முதலில் நினைவுக்கு வரவில்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள். இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிறவர்கள். மதப் பிரசங்கம் செய்ய நாங்கள் வரவில்லை. ஆனால் யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பதை மறைத்து நன்றி சொல்ல முடியாது. ஆகவே ஆண்டவர் பெயர் இடையிடையே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். "நான்" என்று நாற்பத்திரண்டு வருடம் சொல்லியாயிற்று. இப்போது "நாங்கள்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பழைய கதையைச் சொல்லும்போதும் அப்படியேதான் வாயில் வருகிறது.

எங்கள் அப்பா ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. நாலு பிள்ளைகளில் நாங்கள் மூத்தவர். உயர்தரம் படித்து முடித்ததும் அப்பா காலமானார். 2003ஆம் ஆண்டு இந்த வேலை கிடைத்தது. தம்பியைப் படிக்க வைத்து, இரண்டு தங்கைமாரையும் கட்டிக் கொடுத்தோம். இனி நம்முடைய காரியம் என்று நினைத்த நேரத்தில், 2008இல் அம்மா பாரிசவாதத்தில் படுத்துவிட்டார்.

அதன் பிறகும் மூன்று இடத்திலிருந்து கேட்டு வந்தார்கள். ஒரு இடத்தில் சீதனம் பேசினார்கள், எங்களால் கொடுக்க முடியவில்லை. இன்னொரு இடத்தார் வந்து, உள் அறையில் படுத்திருந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்பவில்லை. மூன்றாவது இடத்தில் வயதைச் சொன்னார்கள். முப்பத்தைந்துக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் ஆராத்தி எடுக்க ஆள் தேடும்போது சொல்லாமலே பின்னுக்குப் போய் நின்றுகொள்வோம். அந்த இடம் எது என்று இங்கே இருக்கும் சில அக்காமாருக்குத் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். ஸ்டோரில் டிரையரில் வேலை செய்கிறார். இப்போதும் அங்கேதான். அவருடைய முதல் மனைவி கொழுந்து எடுத்தவர். நல்ல கை. 2013இல் அவருக்குப் புற்றுநோய் என்று கண்டார்கள். மகரகமைக்குக் கொண்டு போனார்கள். கடிதம், லீவு, முற்பணம் என்று அலைந்ததில் நாங்களும் கூட நின்றோம். அது எங்கள் கடமை.

அந்தக் காலத்தில் ஒரு நாள் காலை லயங்களைப் பார்க்கப் போயிருந்தோம். பீலியடியில் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். நடுவில் இவர் குந்தியிருந்து மனைவியின் உடுப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். இராச்சேவகம் முடித்து நேரே வந்தவர். உடம்பெல்லாம் தேயிலைத் தூசி. நோயாளியின் துணி எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல் லயத்து இளந்தாரிகள் இரண்டு பேர் ஏதோ கேலி பேசினார்கள். இவர் தலை நிமிரவில்லை. துவைத்தார், அலசினார், பிழிந்தார், வாளியில் போட்டுக்கொண்டு போனார். பகல் ஆனாலும் முதலில் மனைவிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் படுப்பார் என்று பக்கத்துக் காம்பராவில் சொன்னார்கள்.

2014இல் அந்தச் சகோதரி இறந்துபோனார். மகளுக்கு அப்போது நாலு வயது. "மரணம் பிரிக்கும் வரைக்கும்" என்று ஆலயத்தில் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். அந்த வாக்கைச் சொல்லுகிறவர்களைப் பல தடவை பார்த்திருக்கிறோம். அதைக் கடைசி நாள் வரை காப்பாற்றிய ஒருவரைக் கிட்ட நின்று பார்த்தது அப்போதுதான். வேறு நினைப்பு அன்றைக்கு எங்களுக்கு இருக்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறோம்.

2019இல் எங்கள் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். பதினொரு வருடம் இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பிப் பழகிய உடம்பு. அம்மா போன பிறகும் அதே நேரத்துக்கு முழிப்பு வரும். எழும்பி விளக்கைப் போட்டால் திருப்பிப் படுக்கவைக்க அங்கே ஆள் இல்லை. வெறுங்கட்டில்தான். அடுத்த வருடம் கொரோனா வந்தது. பகலில் வீடு வீடாக உலர் உணவு கொடுத்துக்கொண்டு திரிந்ததால் பகல் போய்விடும். இரவுதான் போகாது.

2021இல் ஒரு நாள், அந்த இறந்துபோன சகோதரியின் தாய், எல்லோரும் அம்மாயி என்று கூப்பிடுவோமே அவர், பேத்தியின் பள்ளிக்கூட விஷயமாகக் காரியாலயத்துக்கு வந்தார். காரியம் முடிந்தும் போகவில்லை.

"மிஸ், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க அம்மாயி."

"எம் மவ போயி ஏழு வருசமாச்சி. மருமவன் வேற கல்யாணம் வேணாம்னே இருக்காரு. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சி. இந்தப் புள்ளைக்கு எத்தன நாளைக்கு நான் சோறு பொங்குவேன்? நீங்களும் ஒத்தையிலதான் இருக்கீங்க. அவரக் கட்டிக்கிட்டா என்ன?"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மாயி, நாங்க ஸ்டாப், அவரு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டோம். எல்லோரும் சமம் என்று இதே மண்டபத்தில் எத்தனை தடவை பேசியிருப்போம்! அந்த வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மாயி கோபிக்கவில்லை. "ஸ்டாப்புக்கு மட்டும் ஒத்தையில இருக்கிறது லேசா இருக்குமா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு இரவு வேதாகமத்தில் ரூத்தின் சரித்திரத்தை எடுத்து வாசித்தோம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். ரூத் என்பவர் கணவனை இழந்தவர். அயல்நாட்டிலிருந்து மாமியாரோடு வந்து, பிறர் வயலில் அறுக்கிறவர்கள் விட்டுப் போன கதிர்களைப் பொறுக்கிச் சாப்பிட்டவர். வயலின் சொந்தக்காரர் போவாஸ், வயதில் மூத்தவர். இருவரையும் சேர்த்து வைத்தது யார்? இறந்துபோன கணவனின் தாய் நகோமிதான். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டிருக்கிறோம். காரியாலயத்து வாங்கில் ஒரு நகோமி வந்து உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. அதுவும் மாரியம்மன் பக்தையான நகோமி.

ஒரு மாதம் கழித்து அவரே வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "நான் படிக்கல மிஸ். குடுக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. நோய் நொடின்னா பாத்துக்குவேன். அது மட்டுந்தான் தெரியும்" என்றார். இதைவிட நல்ல வார்த்தை சொல்லி யாரும் பெண் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

நாங்கள் உடனே சம்மதம் சொல்லவில்லை. பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்றோம். அவளுக்கு அப்போது பதினொரு வயது. தனியே கூப்பிட்டுக் கேட்டோம். வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்கம்மா போட்டோவக் கழட்டச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அவளுடைய மனதில் இருந்த பயம் அவ்வளவுதான். "அம்மா போட்டோவும் நம்மளோட வரும், முன்னறையில மாட்டுவோம். என்னைய அம்மான்னு கூப்பிட வேணாம், சின்னம்மான்னு கூப்பிடு, போதும்" என்றோம். அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் முன்னறையில் இருக்கிறது. இவளும் சின்னம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

கதை கட்டினார்களா என்று கேட்டால், கட்டினார்கள். லயத்தில் ஒரு விதமாக, ஸ்டாப் குவாட்டர்ஸில் வேறு விதமாக. "இந்த வயசில என்ன கேக்குது" என்றார்கள். "சம்பளத்தப் பாத்துப் புடிச்சிட்டான்" என்றார்கள். எங்களோடு ஒன்றாக வேலை செய்த ஒருவர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் பெயர் இங்கே வேண்டாம். பிறகு எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள்.

ஆலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். இவர்களுடைய விவாகத்துக்கு யாருக்காவது தடை சொல்ல இருக்கிறதா என்று சபையில் கேட்பது வழக்கம். மூன்று கிழமையும் அம்மாயி ஆலயத்துக்கு வந்து முதல் வாங்கில் உட்கார்ந்திருந்தார். "ஜெபம் கேக்க வந்தீங்களா?" என்று கேட்டோம். "இல்ல மிஸ், எவனாச்சும் எழும்பித் தடை சொல்றானான்னு பாக்க வந்தேன்" என்றார். ஒருவரும் எழும்பவில்லை.

2022 ஜனவரியில் விவாகம் நடந்தது. கொரோனா காலம், ஆகவே சனம் கொஞ்சம். சோறு, பருப்பு, கோழிக்கறி, பப்படம். மேளமும் இல்லை, போத்தலும் இல்லை. கடனும் இல்லை.

முதல் சில மாதம் நடந்த ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டுக்காரர் குவாட்டர்ஸுக்குப் பின்கதவாலேதான் வருவார். தொழிலாளர் ஸ்டாப் வீட்டுக்கு எதற்காவது போனால் குசினிப் பக்கம் போய் நின்று கூப்பிடுவதுதானே பழக்கம். சொந்த வீடான பிறகும் கால் அந்தப் பக்கமே போயிற்று. எங்களையும் "மிஸ்" என்றே கூப்பிட்டார். "முன்கதவால வாங்க" என்று தினமும் சொன்னோம். ஒரு நாள் எங்களுக்கும் புத்தி வந்தது. அவர் எங்கள் முன்கதவால் வர வேண்டுமானால், நாங்கள் அவருடைய லயத்து இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார வேண்டும். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயம் விட்டு நேரே அவருடைய அண்ணன் காம்பராவுக்குப் போய் அங்கேயே சாப்பிடுகிறோம். அதற்குப் பிறகுதான் அவர் முன்கதவால் வரத் தொடங்கினார்.

கல்யாணம் முடிந்து சில மாதங்களில் நாட்டில் வந்த கஷ்டம் உங்களுக்குத் தெரியும். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மாவு விலை ஏறிப்போயிற்று. எங்களுக்குச் சண்டையும் வந்தது, மறைப்பதற்கில்லை. அவர் சொந்தக்காரருக்குக் கேட்காமல் காசு கொடுத்துவிடுவார். நாங்கள் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்போம். ஒரு முறை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை எழும்பிப் பார்த்தால், விறகு கீறி அடுக்கியிருந்தது, அடுப்பு எரிந்தது, தேத்தண்ணி மூடி வைத்திருந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்பிள்ளைகள் இப்படியாவது கேட்கலாம். கதவடியில் நிற்கிற அண்ணன்மார் கவனிக்க வேண்டும்.

2023இல் எங்களுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று சத்திரசிகிச்சை நடந்தது. எங்களுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை, இனிப் பிறக்கவும் மாட்டாது. நேரில் கேட்கக் கூச்சப்பட்டுப் பின்னால் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். அழுதோம். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஜன்னலால் வெளியே பார்த்தோம். குழாயடியில் அவர் குந்தியிருந்து எங்கள் உடுப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். பத்து வருடத்துக்கு முன் பீலியடியில் கண்ட அதே குனிந்த தலை. இந்த முறை பக்கத்தில் மகள் நின்று அலசிக்கொண்டிருந்தாள்.

தாய்மார்களே, நன்றி என்று நாங்கள் சொல்ல வந்தது இதற்குத்தான். அந்த ஜன்னலடியில் முதலில் ஆண்டவருக்கு நன்றி சொன்னோம். அடுத்ததாக முன்னறைப் படத்தில் இருக்கிற அந்தச் சகோதரிக்கு நன்றி சொன்னோம். அவருடைய நோயில்தான் இந்த மனிதர் யார் என்று எங்களுக்குத் தெரிந்தது. அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய கைதான் இன்று எங்களைத் தாங்குகிறது. பிந்திக் கல்யாணம் முடிப்பதில் இது ஒரு நன்மை. ஒருவருடைய வார்த்தையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. அவருடைய நடத்தையைப் பல வருடம் பார்த்திருக்கிறோம்.

ஈசாக்கு ரெபெக்காளை விவாகம் செய்தபோது அவருக்கு 40 வயது என்று வேதாகமம் சொல்கிறது. தாய் இறந்த துக்கத்தில் இருந்தவர், அந்த விவாகத்தில் ஆறுதல் அடைந்தார் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. அம்மாவின் வெறுங்கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த எங்களுக்கு, அந்த இடத்தை வாசிக்கும்போது எங்களுக்காகவே எழுதினதுபோல் இருக்கும்.

உத்தியோகத்தர் என்ற முறையில் சில வார்த்தைகளும் சொல்லாமல் போனால் சரியில்லை.

முதலாவது, பிந்திவிடும் என்ற பயத்தில் பிள்ளைகளை அவசரப்பட்டுக் கட்டிக் கொடுக்காதீர்கள். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி விவாகத்துக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பதினாறு வயதில் ஓடிப்போய், பதினெட்டு வயதில் கைப்பிள்ளையோடு தனியே காரியாலயத்துக்கு வரும் பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம். பிந்துவது ஒரு குற்றமில்லை. முந்துவதுதான் ஆபத்து.

இரண்டாவது, கணவனை இழந்தவர், மனைவியை இழந்தவர், வயது போனவர் என்று யாராவது ஒரு துணையைத் தேடினால் கேலி பண்ணாதீர்கள். மனைவி செத்த ஆணுக்கு வருடம் திரும்புமுன் பெண் பார்க்கிறோம். கணவன் செத்த பெண் ஒரு பூ வைத்தால் பேசுகிறோம். அது நியாயமில்லை. பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். பிள்ளையின் பயம் என்னவென்று கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவது, எந்த முறையில் தாலி கட்டினாலும் விவாகத்தைப் பதிவு செய்யுங்கள். எங்கள் விவாகம் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவானது. முன்கூட்டியே பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்தோம். முதல் மனைவியின் மரணச் சான்றிதழையும் கொடுத்தோம். பதிவு பெற்ற ஆலயத்தில் போதகர் முன்னிலையில் நடப்பதும், பதிவாளர் காரியாலயத்தில் நடப்பதும் சட்டத்துக்கு ஒன்றுதான். மறுமணம் முடிக்கிறவர்கள் மரணச் சான்றிதழை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஓடித்திரிய வேண்டாம்.

நாலாவது, ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிகிறது, தோட்டம் 12 வீதம் சேர்க்கிறது. அது உங்கள் வியர்வை. அதில் பின்னுரித்தாளி யார் என்று பலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்காரருடைய பத்திரத்தில் இறந்துபோன மனைவியின் பெயரே இருந்தது. அதை எங்கள் பெயருக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். வேண்டாம், மகள் பெயரைப் போடுங்கள் என்றோம். எங்களுக்குச் சம்பளம் இருக்கிறது. அவளுக்கு அம்மாவின் பங்கு என்று ஒன்று இருக்க வேண்டும். உங்கள் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று காரியாலயத்துக்கு வந்து கேளுங்கள், பார்த்துச் சொல்வோம். பாருங்கள், கடைசியில் எங்கள் பழைய கதைக்கே வந்துவிட்டோம்.

ஒவ்வொரு வருடமும் அந்தச் சகோதரி இறந்த நாளில் மூன்று பேரும் மயானத்துக்குப் போகிறோம். அவர் புல்லைச் செதுக்குவார், மகள் பூ வைப்பாள், நாங்கள் ஜெபம் சொல்வோம். அம்மாயியும் வருவார். அவர் தம்முடைய முறைப்படி சூடம் கொளுத்திக் கும்பிடுவார். போன முறை திரும்பி வரும்போது ஏற்றத்தில் அம்மாயிக்கு மூச்சு வாங்கியது. ஒரு பக்கம் மருமகனும் மறுபக்கம் நாங்களும் பிடித்துக்கொண்டு வந்தோம். "எம் மவ எனக்கு ரெண்டு பேர விட்டுட்டுப் போயிருக்கா" என்றார் அம்மாயி. "மூணு பேரு" என்றாள் முன்னால் போன மகள்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் குடியுங்கள். ஊற்றிக் கொடுப்பது எங்கள் வீட்டுக்காரர்தான். முன்கதவால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.